அழிந்து வாழும் கோடுகள்

லால்குடியில் வாழும் நமக்குத் திருவரங்கம் கொள்ளிடத்துக்கு அக்கரைதான். அங்குள்ள சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைக் கண்டு வியவாதார் நம்மில் இலர். கல்லின்மேல் செங்காவியால் கோடிட்டுக்கொண்டு செதுக்குவது நம் சிற்பிகளின் வழக்கம். உளி பட்டதும் அக்கோடுகள் உதிர்ந்துவிடும். சிலை நிலைக்கிறது, அதற்கு வழிகாட்டிய கோட்டை நாம் காண்பதில்லை.

மரத்தில் செதுக்குவோர்க்கும் இவ்விதி உண்டு என்பதை ஜப்பானியரின் அச்சுப்படக் கலை நமக்குக் காட்டுகிறது. ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் வரைந்து தருவார். 'ஹன்ஷிதா' எனப்படும் அத்தாளைச் செதுக்குபவர் காட்டுச் செர்ரி மரப்பலகைமேல் பசை தடவிக் குப்புற ஒட்டுவார். தாளின் முதுகைத் தேய்த்து மெலிதாக்கினால் கோடுகள் தெளிவாகத் தெரியும். பின்னர்க் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, ஏனைய இடத்தைக் குடைந்தெடுப்பார். பலகையில் இடவலம் மாறியிருக்கும் உருவம் அச்சில் நேராகிவிடும். ஓவியரின் தாளோ மரச்சீவலோடு சீவலாய்ப் போய்விடும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் பெரும்பாலும் தனிப்பலகை செதுக்குவர். ஹொக்குசாய் 1831-ஐ ஒட்டிப் படைத்த 'பேரலை' உலகெங்கும் அறிமுகமானது. அதற்காக அவர் வரைந்து தந்த தாள் இன்று இல்லை.

ஆயினும், அவர் கைப்பட வரைந்த 103 சிறு படங்கள் தப்பியுள்ளன. 'அனைத்துப் பொருள்களின் பெரும் படநூல்' என்னும் நூலுக்காக வரையப்பட்டவை அவை. புத்தர் காலத்து இந்தியா, பண்டைச் சீனம், விலங்குகள், செடிகொடிகள் என விரியும் அந்நூல் வெளிவரவேயில்லை. பலகையேறாத காரணத்தால் படங்கள் பிழைத்தன. அவற்றை 2020-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. நூல் வெளிவந்திருந்தால் இப்படங்களை நாம் இழந்திருப்போம். ஒன்றின் நிறைவேற்றம் மற்றொன்றின் அழிவைக் கேட்கிறது.

ஜப்பானியப் படங்களில் ஓவியர் பெயர் விளங்கும். செதுக்கியவர் பெயரோ பெரும்பாலும் இராது. இவ்விடத்தில் நம் திருச்சபை வரலாற்றிலுள்ள ஒரு மரவேலை நினைவுக்கு வருகிறது. மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த இயேசு சபைத் துறவி அந்தாம் தெ ப்ரோயென்சா அடிகளார் தமிழ்–போர்த்துக்கீச அகராதியைத் தொகுத்து, 1666-ல் இறந்தார். 13 ஆண்டுகள் கழித்து, 1679-ல், சேரநாட்டு அம்பலக்காட்டில் அது மர எழுத்துக்களால் அச்சேறியது. அவ்வெழுத்துக்களைச் செதுக்கியவர் இக்னேஷியஸ் அச்சாமணி என்னும் நம் நாட்டவர். நூலாசிரியர் நூலைக் காணவில்லை. செதுக்கியவர் பெயரோ நூலோடு நிலைத்தது. அந்நூலின் அறியப்பட்ட ஒரே படியை 1954-ல் வத்திக்கான் நூலகத்தில் கண்ட தனிநாயகம் அடிகளார், 1966-ல் கோலாலம்பூரில் அதனை உருமாறாமல் மறுபதிப்புச் செய்தார்.

அச்சான தாளைப் போற்றும் நாம், அதற்காகத் தன்னைக் கொடுத்த தாளையும், உளி பிடித்த கையையும் எண்ணிப் பார்ப்பது அரிது. முடிந்த வேலையில் தொடங்கியவர் காணப்படுவதில்லை. நம் ஊர்க் கோயில்களிலும் இல்லங்களிலும் நமக்கு முன்னே கோடிட்டுத் தந்து மறைந்தோர் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் கேட்டறிந்து எழுதிவைப்போமாயின், அச்சாமணிக்குக் கிடைத்த நீதி அவருக்கும் கிடைக்கும்.