பாடநூலின் பூட்டும் திறப்பும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில், வாகரைக்கு அப்பால் உள்ள கடலோரக் கிராமம் கதிரவெளி. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அதனைத் தாக்கியது. 2006 நவம்பர் 8 இல், இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அடுத்த சில மாதங்களில் அப்பிரதேச மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுவோரால் பாடநூல்களைச் சுமக்க முடியாது. மின்னூல் பற்றிய விவாதத்தை நான் இத்தகைய ஊரில் நின்றே நோக்குகிறேன்.

1980 முதல் இலங்கை அரசு மாணவருக்குப் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றைப் பீ.டி.எஃப். கோப்புகளாக இணையத்திலும் இட்டுள்ளது. ஓர் ஆசிரியர் ஒருமுறை இறக்கிக்கொண்டால், இணைய இணைப்பின்றியே வகுப்பு முழுவதற்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்ட அவ்வடிவம் 2008 இல் சர்வதேசப் பொதுத் தரமாயிற்று. 2007 இல் வந்த ஈபப் வடிவமோ தொடக்கத்திலிருந்தே பொதுவானது. கைத்தொலைபேசியின் சிறு திரைக்கேற்ப வரிகளை மடித்துக் காட்டுவது.

தனியுரிமை வடிவங்களின் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் 2000 இல் அறிமுகப்படுத்திய ‘லிட்’ வடிவத்தை 2012 இல் கைவிட்டது. 2019 இல் அந்நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியோரின் நூல்கள் திறக்க முடியாதனவாயின. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆயினும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது பணமன்று, நூல்.

கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பி நம்மிடம் வந்த ஏடுகள், யாரோ சிலர் படியெடுத்தமையாலேயே தப்பின. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அவ்வழியையே மின்னுலகில் தொடர்ந்தன.

தமிழில் இன்னொரு பூட்டும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோத்த கோப்பிலிருந்து ‘அம்மா’ என்ற சொல்லைப் பிரதி செய்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்து விழும். அதிலே தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்குக் கணினியால் அதனை வாசித்துக் காட்டவும் முடியாது. கோப்பின் வடிவம் திறந்ததாயினும் உள்ளிருக்கும் எழுத்து பூட்டியே கிடக்கிறது.

ஆகவே, பொதுப்பணத்தில் உருவாகும் பாடநூல் ஒருங்குறியில் கோக்கப்பட வேண்டும். பொதுத் தர வடிவில், படியெடுக்கத் தடையின்றி வெளிவர வேண்டும். பாடநூலின் திறப்பு ஒரு நிறுவனத்தின் கையில் இருத்தலாகாது.