தங்கவயல் குளமும் உறைபனி லாக்கரும்

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். தங்கவயலுக்கும் பேத்தமங்கலாவுக்கும் நடுவே ஒரு குளத்தைக் குத்தகை எடுத்து ரோகு, கட்லா விட்டிருக்கிறான். "ஒரு வருஷமாச்சுண்ணா, மீனு அரைக்கிலோ தாண்டல. லோன் எப்படிக் கட்டறது?" வங்கிக்காரனிடம் கேட்டால் வட்டிக் கணக்குதான் சொல்வேன். ஆனாலும் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

இந்தக் கெண்டைகள் ஆற்றில் முட்டையிடும். குளத்தில் அடைத்தால் இடாது. 1957-ல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார். பொரிப்பகத் தொழில் பிறந்தது அப்படித்தான். கூடவே ஒரு வினையும் வந்தது. ஒரே தொட்டியின் சில மீன்கள், பிறகு அவற்றின் பிள்ளைகள் என்று சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம். கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து ஏக்நாத்தும் டாயிலும் 1990-ல் வெளியிட்ட கட்டுரை, தலைமுறைக்கு 2 முதல் 17 சதம் வரை உட்கலப்பு ஏறுவதாகக் கணக்கிட்டது. கூட்டுவட்டி மாதிரிதான். வளர்ச்சி குறைய இதுவும் ஒரு காரணம். அவன் குளத்தில் நடந்தது இதுதானா என்று நான் சொல்ல முடியாது.

மருந்து என்ன? வெளி ரத்தம். 1949-ல் இங்கிலாந்தில், கிளிசரின் கலந்தால் சேவலின் விந்தணு உறைந்தும் உயிர் பிழைப்பதைக் கண்டார்கள். 1953-ல் பிளாக்ஸ்டர், வசந்த கால ஹெர்ரிங் மீனின் விந்தை உறைய வைத்து, இலையுதிர் கால மீனின் முட்டையோடு சேர்த்தார். இன்று மெல்லிய ஸ்ட்ராவில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். ஆற்று ஆண் மீனைத் தூக்கிவர வேண்டாம். ஸ்ட்ரா வந்தால் போதும். 1983-ல் தொடங்கி இப்போது லக்னோவிலிருந்து இயங்கும் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் இதில் உழைத்துவருகிறது. நாடெங்கும் இத்தகைய வங்கிகள் அமைக்கப்போவதாக 2020 ஜூலை 10 அன்று மத்திய அரசு அறிவித்தது.

ஆனால் இந்த லாக்கரில் பாதிச் சொத்துதான் இருக்கும். மீன் முட்டை பெரியது, மஞ்சள் கரு நிறைந்தது. உறைய வைத்தால் பிழைப்பதில்லை. தாய் மீன் உயிரோடு நீந்த வேண்டும். அதற்கு ஆறு வேண்டும்.

2001-ல் சுரங்கத்தை மூடியபோது, எடுத்த தங்கத்தைத் திரும்ப வைக்க யாராலும் முடியவில்லை. மீன் அப்படியல்ல, காப்பாற்றினால் வட்டியோடு திரும்பும். தம்பியிடம் சொன்னேன்: "அடுத்த தடவை குஞ்சு வாங்கறப்ப விலையை மட்டும் கேக்காதே. தாய் மீன் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு."