நிறுத்திய டீசல் லாரியின் எஞ்சினை ஓடவிடும் பழக்கம்

நிறுத்தி வைத்த டீசல் லாரியின் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுவது அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நெடுங்காலம் நிலவிய பழக்கமாகும். தொடக்கத்தில் இதற்குத் தக்க காரணம் இருந்தது.

1890களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. கடுங்குளிரில் எஞ்சினின் குளிர்ந்த உலோகம் அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடும். டீசலிலுள்ள மெழுகும் உறைந்து வடிகட்டியை அடைக்கும். இரவில் அணைத்த எஞ்சின் காலையில் கிளம்பாது என்ற அச்சத்தால் ஓட்டுநர்கள் அதை ஓடவிட்டனர்.

எஞ்சின் சூடேற்றி, குளிர்கால டீசல், மின்னணு முறையில் எரிபொருள் செலுத்துதல் ஆகியவை வந்தபின் இத்தேவை பெரிதும் குறைந்தது. ஆயினும் பழக்கம் நீடித்தது. நெடுந்தூர ஓட்டுநர் உறங்குவது லாரியின் படுக்கையறையில்தான். 2004 முதல் அங்கு ஒரு பணிநாளுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மணி நேர ஓய்வு கட்டாயம். அறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் எஞ்சின் ஓட வேண்டியிருந்தது.

இவ்வாறு ஓடும் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசலைக் குடிக்கிறது. எரிபொருள் முழுமையாக எரியாததால் கரியும் படிகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. கலிபோர்னியா மாநிலம் ஓடவிடும் நேரத்தை 5 நிமிடமாக வரையறுத்தது. 2008 முதல் படுக்கையறை லாரிகளும் இதற்கு உட்பட்டன. மாற்றாகச் சிறு துணை எஞ்சின், மின்கலக் குளிரூட்டி ஆகியவை பயன்படுகின்றன.

பாரம் இழுத்து வந்தபின் டர்போ குளிரச் சில நிமிடங்கள் ஓடவிடுவது இன்றும் தேவையே. இரவெல்லாம் ஓடுவது பெரும்பாலும் எஞ்சினுக்காக அன்று, ஓட்டுநரின் உறக்கத்துக்காகவே. ஆகவே தடையோடு மாற்று வசதியும் கிடைத்தால்தான் இப்பழக்கம் மறையும்.