கல்லில் நிற்கும் கடாரம்

பட்டினப்பாலை சுட்டும் காழகத்தைக் கடாரம் என்றே பொருள் கொண்டார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் கடற்படை செலுத்திய அக்கடாரம் இன்றைய கெடாவே என்பது அறிஞர் துணிபு. வகுப்பறையில் வெறும் சொல்லாக நிற்கும் அந்நாடு, மெர்போக்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் கல்லாகவும் செங்கல்லாகவும் காட்சி தருகின்றது.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் இங்கு அகழ்ந்து, பல கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் புக்கிட் பத்து பகாட் கோயில் 1960ஆம் ஆண்டளவில் சீரமைக்கப் பெற்றது. விமானமும் மண்டபமுமாகிய அதன் அமைப்பு தென்னகத்தை நினைவூட்டும். ஆயினும், மண்டபத்துக் கற்பீடங்கள் மரத்தூண்களைத் தாங்கியவை. மரமும் கூரையும் மழையில் மறைந்தன. கடல் கடந்து வந்த நெறியும் இம்மண்ணின் கட்டடத் தொழிலும் கைகோத்தமைக்கு அதுவே சான்று.

கிடைத்தவை யாவும் இங்குத் தங்கவில்லை. அண்டையிலுள்ள செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த, மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டு கொல்கத்தா சென்றது. 2013இல் சுங்கை பத்துவில், வீட்டுமனைக்காக நிலம் திருத்தியபோது பதினோராம் எண் கோயில் இடிக்கப்பட்டது. காலம் ஆயிரம் ஆண்டுகள் விட்டுவைத்ததை மண்வாரி எந்திரம் விட்டுவைக்கவில்லை.

கடாரம் கொண்டான் என்னும் பட்டத்தைக் கற்பிப்பதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. தோட்டப்பள்ளி மாணவர் இக்கற்களை நேரிற் காணல் வேண்டும். கொண்டதினும் காத்தல் அரிது என்பதை அவை உணர்த்தும்.