மூலச் செய்நிரலும் கூத்தேடும்

மன்னார்ப் பகுதியில் இரண்டிரவு ஆடப்பட்ட நாடகங்கள் ஓரிரவுக்குரிய வாசகப்பாக்களாகச் சுருக்கப்பட்டன. புலவர் பாடியது எது, பின்வந்தோர் கூட்டியதும் குறைத்ததும் எவை என்பதை ஏடுகளை ஒப்பிட்டே துணிதல் கூடும். கணினி விளையாட்டின் வரலாற்றிலும் இதே சிக்கல் எழுந்ததுண்டு.

அமெரிக்கச் செய்நிரலாளர் வில்லியம் கிரௌதர் 1975-76 அளவில் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டைப் போர்ட்ரான் மொழியில் ஆக்கினார். குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு மிக்க அவர், தாம் நேரிற் கண்ட கென்டக்கி மாநிலத்து மாமத் குகையையே அதற்குக் களமாக்கினார். அதிற் படம் கிடையாது; யாவும் எழுத்தே. 1976இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அதனைக் கண்ணுற்ற டொன் வூட்ஸ், கிரௌதரிடமே மூலச் செய்நிரலைக் கேட்டுப் பெற்று, கற்று, 1977இல் விரித்தெழுதினார். எங்கும் பரவியது இவ்விரிந்த வடிவமே. கிரௌதரின் மூலம் தொலைந்துபோயிற்றென்றே பலரும் கருதினர். குகை கிரௌதருடையது, குள்ளரும் மாயமும் வூட்ஸுடையவை என்ற எண்ணமும் வேரூன்றியது.

மூலமோ, வூட்ஸின் மாணவக் கணக்கிலிருந்து எடுத்துவைக்கப்பட்ட காப்புப் பிரதியில் உறங்கிக் கிடந்தது! 2005இல் மீட்கப்பட்ட அதனை டெனிஸ் ஜெர்ஸ் ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ 700 வரிகள் கொண்ட அந்நிரலிற் கோடரி எறியும் குள்ளனும் மாயப் பாலமும் முன்னரே இருந்தன. புள்ளியிடும் முறை வூட்ஸின் சேர்க்கை. முப்பதாண்டுக் காலக் கருத்து ஒரே பிரதியால் வீழ்ந்தது.

'என்றிக் எம்பரதோர்' நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இற் பதிப்பித்தார். பதிப்பு அரியதே. எனினும் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இரு மரபுகளிலும் பாடம் எவ்வாறு மாறிவந்தது என்பதை அறிய, அண்ணாவிமார் தம் கையாற் படியெடுத்த கொப்பிகளையே நாடவேண்டும்.