திருடன் என்னும் பழிச்சொல்: ஆப்கன் புதினங்கள் காட்டும் வரலாறு

1892ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் ‘காபூலிவாலா’ என்னும் சிறுகதையை எழுதினார். கல்கத்தாவின் தெருக்களில் உலர்பழம் விற்றுத் திரிந்த ரஹ்மத், மினி என்ற சிறுமியிடம் தன் மகளின் சாயலைக் கண்ட கதை அது. மகளின் பிஞ்சுக்கை பதிந்த காகிதத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்த அந்த வணிகனே, நம்மில் பலருக்கும் அறிமுகமான முதல் ஆப்கன் மனிதன்.

அதே ஆண்டில் அவனுடைய தாய்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? மன்னர் அப்துர் ரஹ்மான் கானின் படைகள் நடுமலைப் பகுதியில் வாழ்ந்த ஹசாரா மக்கள்மீது போர் தொடுத்திருந்தன. 1891 முதல் 1893 வரை நீடித்த அந்தப் போரில் கொல்லப்பட்டோர் போக, எஞ்சியோரில் பலர் நிலம் இழந்தனர். பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1920களில் மன்னர் அமானுல்லாவின் காலத்தில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் காபூல் நகரத்துச் செல்வர் வீடுகளில் ஏவலராகவும் சுமைகூலிகளாகவும் உழைக்கும் நிலை ஹசாராக்களைவிட்டு அகலவில்லை. பெரும்பான்மையினர் சன்னி முஸ்லிம்களாக இருக்கும் நாட்டில் அவர்கள் பெரும்பாலும் ஷியாக்கள், முகத்தோற்றத்திலும் வேறுபட்டவர்கள். இழிவுபடுத்த விரும்புவோருக்கு இவ்விரு காரணங்களும் போதுமானவையாக இருந்தன.

இந்த மக்களுள் ஒருவனை உலகெங்கும் உள்ள வாசகர்களின் மனத்தில் குடியேற்றியவர் காலித் ஹுசைனி. 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய முதல் புதினம் தமிழிலும் ‘பட்ட விரட்டி’ என்ற பெயரில் வந்துள்ளது. ஆப்கன் நாட்டின் துயரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “போர்தான் அந்த மக்களைக் கெடுத்தது” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால், புதினத்தில் வரும் நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால், வேறோர் உண்மை புலப்படும். முதல் அநீதி அமைதிக் காலத்திலேயே, வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. பின்னர் வரும் அரசியல் கொந்தளிப்பு அந்த அநீதியின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறது.

கற்பனைக் கதையை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஹுசைனி 1965இல் காபூலில் பிறந்தவர். தந்தை அரசின் தூதரகப் பணியில் இருந்தவர். 1976இல் குடும்பம் பாரிசுக்குச் சென்றது. 1980இல் அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றது. எனவே பிற்காலப் போர்களை அவர் நேரில் கண்டவரல்லர். ஆனால் போருக்கு முந்திய காபூலை, அதன் பெரிய வீடுகளையும் அவற்றின் பின்கட்டுகளையும், சிறுவயதில் தம் கண்ணாலேயே கண்டவர். அமைதிக் காலத்தைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களுக்கு அதனாலேயே தனி மதிப்பு உண்டு.

குடியரசின் முதல் காலை

1973 ஜூலை 17. நாற்பது ஆண்டுகளாக அரியணையில் இருந்த மன்னர் ஜாகிர் ஷா இத்தாலியில் இருந்தபோது, அவருடைய உறவினரும் முன்னாள் பிரதமருமான தாவூத் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். முடியாட்சி முடிந்தது, குடியரசு பிறந்தது. பெரிய அளவில் இரத்தம் சிந்தாத மாற்றம் என்றே வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன.

புதினத்திலும் அந்த இரவு வருகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை அமீரும், அவ்வீட்டு ஹசாரா வேலைக்காரர் அலியின் மகன் ஹசனும் வெடியோசை கேட்டு நடுங்கி, அலியின் அணைப்பில் ஒடுங்கியிருக்கின்றனர். அச்சத்தில் வேற்றுமை இல்லை. விடிந்ததும் வேற்றுமை திரும்பிவிடுகிறது. வெளியே சென்ற இரு சிறுவர்களையும் அஸெஃப் என்னும் முரட்டுப் பையன் வழிமறிக்கிறான். தாவூத் கான் தன் வீட்டுக்கு விருந்துக்கு வருபவர் என்பது அவன் பெருமை. நாட்டிலிருந்து ஹசாராக்களை அகற்றும்படி அவரிடமே சொல்லப்போவதாக அவன் மிரட்டுகிறான். எல்லாரும் சமம் என்று சொல்ல வேண்டிய குடியரசின் முதல் காலை, ஒரு ஹசாராச் சிறுவனுக்கு இப்படித்தான் விடிகிறது.

1975ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நடந்த பட்டப் போட்டியில் அமீர் வெல்கிறான். அறுந்து விழுந்த பட்டத்தை அவனுக்காக எடுத்துவர ஓடிய ஹசனை, ஒரு சந்தில் அஸெஃப் சிதைக்கிறான். அமீர் மறைந்து நின்று பார்க்கிறான், தடுக்கவில்லை. நாட்டில் அப்போது ஒரு சோவியத் படைவீரனும் இல்லை. தாலிபான் என்ற பெயரையே எவரும் கேள்விப்பட்டதில்லை. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரே சொல், இரண்டு வாய்கள்

தன் கோழைத்தனத்தை நாள்தோறும் நினைவூட்டும் ஹசனின் முகத்தைக் காணச் சகியாத அமீர், தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவனுடைய படுக்கையின் அடியில் ஒளித்துவைக்கிறான். ‘திருடன்’ என்னும் பழி ஹசன்மேல் விழுகிறது. செய்யாத குற்றத்தை ஹசன் ஒப்புக்கொள்கிறான். தந்தையும் மகனும் அந்த வீட்டைவிட்டு வெளியேறி, ஹசாராக்களின் மலைநாட்டுக்குச் சென்றுவிடுகின்றனர்.

இதன்பின் நாட்டின் தலைவிதி விரைந்து மாறுகிறது. 1978 ஏப்ரல் 27இல் பொதுவுடைமையர் புரட்சி செய்து தாவூத் கானைக் குடும்பத்தோடு கொன்றனர். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன; 1989 பிப்ரவரி 15இல்தான் முழுமையாக வெளியேறின. 1992இல் முஜாஹிதீன் குழுக்கள் காபூலுக்குள் வந்து தமக்குள் போரிட்டன. 1996 செப்டம்பரில் தாலிபான்கள் தலைநகரைக் கைப்பற்றினர். 1998 ஆகஸ்டில் மசாரி ஷரீப் நகரில் ஹசாராக்களைக் கொன்று குவித்தனர்.

1981இல் அமீரும் அவனுடைய தந்தையும் நாட்டைவிட்டுத் தப்பி, பின்னர் கலிபோர்னியாவை அடைகின்றனர். காபூலில் மாளிகையில் வாழ்ந்தவர் அங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறார். ஹசனோ, பிற்பாடு பழைய வீட்டைக் காப்பதற்காகக் காபூலுக்குத் திரும்பி வருகிறான். பெரிய வீட்டில் ஹசாராக் குடும்பம் ஒன்று தனித்து வாழ்வதைக் கேள்வியுற்று வந்த தாலிபான்கள், அவனைப் பொய்யன் என்கின்றனர். எல்லா ஹசாராக்களையும் போல இவனும் திருடனே என்கின்றனர். வீட்டை விட்டுக்கொடுக்க மறுத்தவனைத் தெருவில் மண்டியிடச் செய்து சுட்டுக் கொல்கின்றனர். கதறி ஓடிவந்த அவன் மனைவியையும் சுடுகின்றனர்.

‘திருடன்’ என்ற அந்தச் சொல்லை நாம் ஏற்கனவே கேட்டிருக்கிறோம். அப்போது அதைப் புனைந்தவன் ஹசனோடு ஒரே வீட்டில் வளர்ந்த நண்பன். இப்போது சொன்னவர்கள் ஆயுதம் தாங்கிய அந்நியர்கள். முதன்முறை அச்சொல் ஹசனுடைய வீட்டைப் பறித்தது. இரண்டாம் முறை உயிரைப் பறித்தது. புதிய ஆட்சி புதிய பழியைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊரார் வாயில் தலைமுறைகளாகப் புழங்கிய பழி அதற்குத் தயாராகக் கிடைத்தது.

மரியத்தின் முக்காடு

ஹுசைனியின் இரண்டாம் புதினம் 2007இல் வந்தது. ‘ஆயிரம் சூரியப் பேரொளி’ என்று தமிழிலும் வந்துள்ளது. அதன் நாயகி மரியம், ஹெராத் நகருக்கு அருகே 1959இல் பிறக்கிறாள். அதே 1959இல்தான் அரச குடும்பத்துப் பெண்கள் விடுதலை நாள் விழாவில் முக்காடின்றிப் பொதுமக்கள்முன் தோன்றினர். 1964ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமையும் தந்தது. ஆனால், முறைசாரா உறவில் பிறந்த பிள்ளையாகிய மரியத்தின் குடிசையை இந்த வெளிச்சம் எட்டவில்லை. பள்ளிக்குச் செல்ல விரும்பிய அவள் ஆசையைத் தாயே மறுத்துவிடுகிறாள். 1974இல், பதினைந்து வயதில், தந்தையைவிடச் சற்றே இளையவனான ரஷீத் என்ற காபூல் செருப்புத் தொழிலாளிக்கு அவளை மணமுடித்துக் கொடுத்துவிடுகின்றனர். உடல் முழுதும் மறைக்கும் புர்காவை அவள்மீது திணிக்கிறான் ரஷீத். அப்போது எந்தச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. 1996இல் தாலிபான்கள் ஆணையாகப் பிறப்பித்ததை, ரஷீத் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தன் வீட்டில் சட்டமாக்கியிருந்தான்.

1978இன் பொதுவுடைமை அரசு மணப்பெண்ணின் குறைந்தபட்ச வயதைப் பதினாறாக்கியது. பெண்களிடையே எழுத்தறிவைப் பரப்ப முனைந்தது. அதே அரசுதான் புலே சர்கி சிறையை நிரப்பி, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நன்மையும் கொடுமையும் ஒரே கையிலிருந்து வந்த காலம் அது. புரட்சி நடந்த இரவில் மரியத்தின் தெருவில் பிறந்த லைலா கல்வி பெறுகிறாள். அதே தெருவில் மரியமோ சரியாக வேகாத சோற்றுக்காகக் கணவனால் கூழாங்கற்களை மெல்ல வைக்கப்படுகிறாள், பற்கள் உடைகின்றன. ஒரே தெருவில் இரு பெண்களுக்கு ஒரே புரட்சி இருவேறு பொருள் தருகிறது. சட்டம் பள்ளி வாசல்வரை வந்தது. மரியத்தின் அடுக்களைக்குள் நுழையவில்லை.

1992இல் ஏவுகணை விழுந்து பெற்றோரை இழந்த லைலா, கதியற்ற நிலையில் ரஷீதின் இரண்டாம் மனைவியாகிறாள். 1994இல் இரு பெண்களும் சேர்ந்து தப்ப முயல்கின்றனர். பேருந்து நிலையத்தில் பிடிபடுகின்றனர். வீட்டுக்குள் ஒருவன் செய்வது அவனது சொந்த விவகாரம் என்று கூறி, காவல்துறை அவர்களைக் கணவனிடமே ஒப்படைத்துவிடுகிறது. தாலிபான்கள் காபூலுக்கு வர இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

1997இல் காபூல் மருத்துவமனைகளிலிருந்து பெண்களை விலக்கி, போதிய வசதியற்ற ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பும் ஆணை உண்மையிலேயே பிறந்தது. மயக்க மருந்தின்றி வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்க லைலா சம்மதிக்கும் காட்சி அந்த ஆணையிலிருந்தே எழுந்தது. இறுதியில், லைலாவின் கழுத்தை நெரித்த ரஷீதை மண்வெட்டியால் அடித்துக் கொன்று அவள் உயிரைக் காக்கும் மரியம், காசி விளையாட்டரங்கில் மரண தண்டனை பெறுகிறாள். 1999 நவம்பரில் அதே அரங்கில் புர்கா அணிந்த ஒரு பெண் சுட்டுக்கொல்லப்பட்டதும், அது மறைவாகப் படம்பிடிக்கப்பட்டதும் உலகறிந்த செய்தி.

படைகளின் குற்றம் குறைந்துவிடுமா?

வீட்டின் அநீதி முந்தியது என்பதால் படைகளின் குற்றம் குறைந்துவிடாது. இதற்கு மறுமொழியாக அதீக் ரஹீமியின் ஒரு சிறு புதினத்தைக் குறிப்பிடலாம். 1962இல் காபூலில் பிறந்து, 1980களில் பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர் அவர். 2008இல் அந்நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றார். ‘மண்ணும் சாம்பலும்’ என்று பொருள்படும் அவருடைய முதல் நூல் தாரி மொழியில் எழுதப்பட்டது. சோவியத் குண்டுவீச்சில் ஊரும் குடும்பமும் அழிந்த பின்னர், தஸ்தகீர் என்ற முதியவர், எஞ்சிய பேரன் யாசினுடன் சுரங்கத்தில் வேலை செய்யும் மகனிடம் செய்தி சொல்லப் புறப்படுகிறார். குண்டோசையால் செவிடான சிறுவனோ, தன் காதுதான் பழுதானது என்பதை அறியாமல், உலகமே குரலை இழந்துவிட்டதாக நினைக்கிறான். இந்தக் குழந்தைக்கு எந்த முன்பகையும் இல்லை. எந்த வீட்டுக் கணக்கும் இல்லை. வானிலிருந்து விழுந்தது மட்டுமே உண்டு. அந்தப் போரில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். போர் தன்னளவிலேயே பெரும்பாவம். ஏற்கனவே இருந்த அநீதியைத் திருத்தும் வாய்ப்பையும் அது பறித்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ஒரு கண்டத்தில். கேட்கப்பட வேண்டியவன் இன்னொரு கண்டத்தில், கல்லறையில்.

முடியாத கதை

கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை 2007 காட்டியது. ‘பட்ட விரட்டி’ திரைப்படமானபோது, அந்தச் சந்துக் காட்சியால் காபூல் சிறுவர் நடிகர்களுக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சம் எழுந்தது. பட வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. சிறுவர்கள் நாட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டனர். 2008இல் ஆப்கன் அரசு அந்தப் படத்தைத் தடைசெய்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் தாலிபான்கள் அல்லர். புண் ஆறியிருந்தால் தொட்டதும் வலித்திராது.

லைலாவின் கதை, அவள் 2003இல் காபூலில் ஆசிரியையாகப் பணியாற்றும் நம்பிக்கையோடு முடிகிறது. புதினம் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான்கள் மீண்டும் காபூலுக்குள் வந்தனர். பெண்களுக்கு மேல்நிலைக் கல்வி மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் மூடப்பட்டன. அந்த மகிழ்ச்சியான முடிவை இன்று படிப்பவர் கண்ணீரின்றிப் படிக்க இயலாது.

ஆட்சிகளை மாற்றும் ஆற்றல் நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் அமைதியான நாட்களில் நம் வாயிலிருந்து பிறக்கும் சொற்கள் நம் பொறுப்பே. இன்று கேலியாகச் சொல்லப்படும் இழிசொல் நாளை எவனோ ஒருவன் கையில் தீர்ப்பாகலாம். இதை அமீர் மிகவும் காலம் தாழ்த்தியே உணர்கிறான். ஹசன் தன் தந்தைக்கே பிறந்த சகோதரன் என்ற உண்மையையும் அவன் இறந்த பிறகுதான் அறிகிறான். ஹசனை அவனால் மீட்க முடியவில்லை; அவன் மகனைத்தான் மீட்டு வர முடிகிறது. கலிபோர்னியாவில் விருந்து மேசையருகே அமர்ந்து, வந்திருக்கும் பிள்ளையை ‘ஹசாராப் பையன்’ என்று இயல்பாகக் குறிப்பிடுகிறார் அமீரின் மாமனார், ஒரு முன்னாள் தளபதி. இனி தன் முன்னிலையில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அமீர் உறுதியாகத் தடுக்கிறான். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்கிறான். ஸொஹ்ராப் என்னும் அந்தப் பெயரையும் சொல்கிறான்.