தாம்பரத்தில் ஒரு தரகர்

1996. தாம்பரம் மின்சார ரயில் அப்போது மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து எழும்பூரில் வந்து இறங்கி டெல்லி போகிறவர், மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடிக்கவேண்டும். அங்கே அகலப்பாதை.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இதே கதைதான்.

ரூட்டர், ஸ்விட்ச் மாதிரியான பெட்டிகளை நலம் விசாரிக்க 1988-லேயே ஒரு பொதுமொழி வந்துவிட்டது. பெயர் எஸ்.என்.எம்.பி. கேட்டால் பெட்டி பதில் சொல்லும். கோளாறு என்றால் கேட்காமலே கத்தும். யார் தயாரித்த பெட்டி என்பது பிரச்னையில்லை. விசாரிக்கிற மென்பொருள்தான் பிரச்னை. பெரும்பாலும் அது ஏதாவதொரு கம்பெனியின் யூனிக்ஸ் இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. இயந்திரம் மாறினால் மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டும்.

அந்த வருடம்தான் அட்வென்ட்நெட் பிறந்தது. அமெரிக்காவில் டோனி தாமஸ். இங்கே ஸ்ரீதர் வேம்புவின் சகோதரர்கள், தாம்பரம் பக்கம் ஒரு சின்ன வீட்டில். அவர்கள் நம்பியது ஜாவாவை. அந்த ஜனவரியில்தான் அதன் முதல் பதிப்பே வெளிவந்திருந்தது. ஒருமுறை எழுதினால் எந்த இயந்திரத்திலும் ஓடும் என்றது சன் நிறுவனம்.

ஓடியதா? பாதி ஓடியது.

பிரவுசருக்குள் ஓடும் ஜாவா நிரல், தான் இறங்கி வந்த சர்வரோடு மட்டும்தான் பேசலாம். பாதுகாப்பு. நியாயம்தான். ஆனால் ஐம்பது ரூட்டரை விசாரிக்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தினால்? சர்வரிலேயே ஒரு தரகரை உட்காரவைத்தார்கள். நிரல் அவரிடம் கேட்கும், அவர் ரூட்டரிடம் கேட்டுச் சொல்லுவார். பி.காம். படித்த எனக்கே உடனே புரிந்தது. கமிஷன் மண்டி!

தரகரால் தீராத தொல்லைகளும் உண்டு. ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கவேண்டும். விண்டோஸில் அவை முறைவைத்து ஓடும். ஆரம்பகால ஜாவாவில், சோலாரிஸ் இயந்திரத்தில், ஒரு வேலையே மொத்த நேரத்தையும் பிடித்துக்கொள்ளக்கூடும். ரூட்டரின் கூக்குரல் வந்து சேரும் 162-ஆம் எண் வாசலைத் திறக்க, யூனிக்ஸில் தலைமை அதிகாரம் வேண்டும். விண்டோஸில் அந்த வாசலில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். கணக்கு எழுதும் மென்பொருளென்றால் ஐந்து நொடி தாமதம் யாருக்கும் தெரியாது. இங்கே, ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கே படுத்திருக்கும்.

இவ்வளவையும் சமாளித்தவர்களுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நெட்வொர்க் கருவி தயாரிப்பாளர்கள். 2001 டெலிகாம் சரிவில் அவர்களே காணாமல் போனார்கள். சரக்கு நல்ல சரக்கு, வாங்க ஆளில்லை. 2002-ல் அதே எஸ்.என்.எம்.பி. அனுபவத்தை மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில், கருவிகளை வாங்கிப் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கே நேரடியாக விற்க ஆரம்பித்தார்கள். விற்றது.

2009-ல் அட்வென்ட்நெட் என்ற பெயர் போய் ஜோஹோ ஆனது. மீட்டர் கேஜ் மின்சார ரயில், அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2004 ஜூலையில், தாம்பரத்திலிருந்து விடைபெற்றிருந்தது.